அம்மா வந்தாள், அப்பா வந்தார்

மாட்டுங்கா மாமி:
2019-இல் நம் மகாராஷ்டிராவின் பாடநூல் நிறுவனமான பாலபாரதி இரண்டாம் வகுப்புப் புத்தகங்களில் படங்களை மாற்றியது நினைவிருக்கிறதா? என் மகள் அப்போது இரண்டாவது. புதுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தோம். ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்து கீரை ஆயும் படம் வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அவள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இந்த அப்பாவுக்கு வேலை போயிடுச்சாம்மா?" என்றாள். எதிர்வீட்டு மாமா கம்பெனி மூடியதும் ஆறு மாதம் வீட்டில் இருந்தார். ஒரு ஆம்பிளை காய் நறுக்கி அவள் பார்த்தது அப்போது மட்டும்தான். என் வீட்டுக்காரர் பேப்பரை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டார்.

தாராவிப் பையன் (பையனுக்கு நாற்பது ஆகிறது):
மாமி, நான் தமிழ் மீடியம். வகுப்பில் முஸ்லிம் பையன்கள் மூன்று பேர். தமிழ்ப் புத்தகத்தில் எங்கள் ஆட்கள் வருவது ரம்ஜான் பாடத்தில்தான். அன்றைக்கு மட்டும் டீச்சர், "எழுந்து வாசிடா, உங்க பாடம்" என்பார். மற்ற பாடமெல்லாம் யாருடையது என்று கேட்கத் தோன்றவில்லை. படத்தில் வெள்ளை ஜுப்பா, தொப்பி, அத்தர் வாசம் அடிக்காத குறை. எங்கள் வாப்பா தோல் பட்டறைக்காரர். லுங்கியும் சாயம் ஏறிய நகமுமாகத்தான் அவரை எனக்குத் தெரியும். சரி, பெருநாளன்றைக்கு ஜுப்பா போடுவார், அதை மறைக்கக் கூடாது.

ஆனால் கணக்குப் புத்தகத்தில் ஒரு ரஹீம் இருந்தான். ஒரு டஜன் மாம்பழம் வாங்கினான், மூன்று அழுகல். அவன் நோன்பு வைக்கவில்லை, யாருக்கும் ஒற்றுமை போதிக்கவில்லை. மாம்பழம் வாங்கினான், அவ்வளவுதான். எனக்கு அவனைத்தான் பிடித்தது.

செம்பூர் வாத்தியார்:
பெண்களின் நிலை மாற பாடத்திட்டத்தையும் பாடப்புத்தகத்தையும் திருத்தி எழுத வேண்டும் என்று 1986 கல்விக் கொள்கையிலேயே இருக்கிறது தம்பி. படத்தை மாற்றுவது சுலபம். வினைமுற்றை என்ன செய்வது? முப்பது வருஷம் கரும்பலகையில் "அப்பா வந்தார், அம்மா வந்தாள்" என்றே எழுதிப்போட்டேன். ஒருமுறை ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி "அம்மா வேலையிலிருந்து வந்தார்" என்று எழுதியிருந்தாள். நான் அந்த "ஆர்" மேல் சிவப்பு மையால் சுழித்து, "ஆள்" என்று திருத்தி, அரை மார்க் குறைத்தேன். அவள் அம்மா ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் பார்க்கும் நர்ஸ் என்பது அப்புறம்தான் தெரிந்தது. நர்ஸாக இல்லாவிட்டாலும் அது தப்பில்லை என்பது உறைக்க இன்னும் நாளாயிற்று.

மாட்டுங்கா மாமி:
மராத்தியிலும் அதே கதைதான் சார். ஆயி ஆலி (அம்மா வந்தாள்), பாபா ஆலே (அப்பா வந்தார்). மகளின் பழைய நோட்டை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். இரண்டு பாஷையிலும் ஃபுல் மார்க் வாங்கியிருக்கிறாள்.