வரப்புவழி விரவல்: ‘கிரெயின் பவுண்டரி டிஃப்யூஷன்’ தமிழில்

வணக்கம்.

பொடிப்பொடிப் படிகங்கள் ஒட்டிச் சேர்ந்த பொருளில், படிகங்கள் சேரும் எல்லை வழியே அணுக்கள் நகர்வதுதான் ‘கிரெயின் பவுண்டரி டிஃப்யூஷன்’. அதற்குத் தமிழில் ஈப்போ ஐயா சொன்ன ‘மணி எல்லைப் பரவல்’ எனக்கு ஒட்டவில்லை. மகள் கோலாலம்பூரில் அணு எரிபொருள் பூச்சுகளைக் கணினியில் ஆராய்கிறாள். மாணவர்களுக்காக அதைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான் இந்த வம்பு வந்தது. பினாங்கு பாயான் லெப்பாஸ் சிப் தொழிற்சாலையில் உலைப் பக்கமே காலம் தள்ளியவன் நான். அங்கே தமிழர்கள் எல்லாருமே ‘டிஃப்யூஷன்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம்.

முதலில் ‘பரவல்’. அவள் கணக்கில் டிஃப்யூஷன் குணகம், அதாவது எவ்வளவு விரைவாக நகர்கிறது என்று காட்டும் எண், பாதைக்குப் பாதை மாறுகிறது. அந்த மதிப்புகள் எப்படிச் சிதறியிருக்கின்றன என்று காட்ட, ‘பரவல் குணகத்தின் பரவல்’ என்று எழுதி, அவளே சிரித்துவிட்டாள். புள்ளியியலில் பரவல் வேரூன்றிவிட்டது. பாடநூலில் வாயுக்களுக்கு ‘விரவல்’ இருக்கிறதே, அதுவே போதும். ‘ஊடுருவல்’ வேண்டாம், உளவாளி பிடிபட்ட செய்தி மாதிரி இருக்கிறது.

அடுத்து ‘மணி’. இந்த எரிபொருளே கசகசா அளவு மணிகள்தான், அதன் பூச்சில் இருக்கும் படிகத்தையும் மணி என்றால் குழப்பம். நடுவில் யுரேனியக் கரு, சுற்றிலும் கரிப் பூச்சுகள், அவற்றுக்கிடையே ஏறக்குறைய 35 மைக்ரோமீட்டர் தடிமனில் சிலிக்கான் கார்பைடு. அணு பிளந்து உண்டாகும் பிளவுப் பொருள்களை உள்ளேயே நிறுத்தும் மதில் அது. ஆனால் சுமார் 250 நாள் அரை ஆயுள் கொண்ட வெள்ளி-110எம் என்ற கதிரியக்க வெள்ளி, விரிசலே இல்லாத பூச்சையும் தாண்டி வந்துவிடுகிறது. ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குத் தாவ எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று கணினிக்குக் கொடுத்தால், அது பகடை உருட்டி அடுத்த தாவலைத் தேர்ந்தெடுக்கும். படிகத்தின் உடல் வழியாகத் தாவவிட்டால் வெள்ளி நத்தையாய் நகர்கிறது, அளந்த வேகத்துக்குக் கிட்டவே வருவதில்லை. படிகமும் படிகமும் சேரும் கோட்டில் விட்டால்தான் நெருங்குகிறது.

பாலிக் பூலாவ் வயலில் சேற்றில் இறங்கியவருக்கு இது புரியும். எடுத்த காலை அடுத்து வைப்பதற்குள் மூச்சு வாங்கும். அதனால்தான் ஆள் வரப்பில் நடக்கிறான். ‘எல்லை’ என்றால் நில் என்கிறது. வரப்போ எல்லையும் ஆகும், பாதையும் ஆகும். ‘வரம்பு’ என்ற சொல்லிலேயே இரண்டு பொருளும் இருக்கின்றன. மலாயில் ‘பாத்தாஸ்’ என்பதும் அப்படியே. ஆகவே, ‘வரப்புவழி விரவல்’.

சிமுலேஷன், அதாவது இப்படிக் கணினியில் நடத்திப் பார்ப்பதற்குப் ‘பாவனை’ போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இலங்கை நண்பர்களுக்கு அது ‘பயன்பாடு’. அதைத் தனியாகப் பேசுவோம்.

— பினாங்கிலிருந்து

அண்ணே, வரப்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வரப்பு மேடு. படிகங்களுக்கு நடுவில் இருப்பது தளர்ந்த இடம். என் வகுப்புப் பிள்ளைகளோ அடுக்குமாடியில் வளர்ந்தவர்கள், வரப்பைப் பார்த்ததே இல்லை. ‘இடுக்குவழி விரவல்’ என்றால் என்ன?

— கோலாலம்பூரிலிருந்து ஒரு டீச்சர்

டீச்சர், மேடு என்பது சரியான அடி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘இடுக்கு’ வேறொன்றுக்கு வேண்டும். படிகத்துக்குள்ளேயே அணுக்களின் நடுவே வேற்று அணு நுழைந்து உட்காரும் இடம் இருக்கிறதே, அதற்கு வேறு என்ன சொல்வது? அதே கட்டுரையில், அதே பத்தியில் இரண்டும் வருகின்றன. இரண்டுக்கும் இடுக்கு என்றால் மறுபடியும் ‘பரவலின் பரவல்’ கதைதான். வரப்பே இருக்கட்டும், பக்கத்தில் ஒரு வயல் படம் போடச் சொல்கிறேன். பிள்ளைகளைப் பள்ளி விடுமுறையில் இங்கே கூட்டி வாருங்கள், சேற்றில் இறக்கிவிடலாம்.

— பினாங்கிலிருந்து