எஃப்-டிராய்டு போட்டதிலிருந்து வங்கி ஆப் திறக்கவில்லை

ஆண்ட்ராய்டு 13 போன், ரூட் செய்யாதது (சிஸ்டத்தின் முழு அதிகாரத்தைத் திறக்கவில்லை). டைப் செய்வதெல்லாம் எங்கோ போகிறதே என்ற பயத்தில், போன ஞாயிறு எஃப்-டிராய்டு (பிளே ஸ்டோருக்கு வெளியே உள்ள, திறமூல ஆப்களுக்கான கடை) போட்டு அதிலிருந்து ஒரு கீபோர்டு இறக்கினேன். கணக்கே கேட்காத கடை, பிடித்திருந்தது.

திங்கள் காலை மதுரை கீழமாசி வீதி. பருப்பு மூட்டையை வண்டியில் ஏற்றியாகிவிட்டது. பணம் அனுப்பப் போனால் வங்கி ஆப் "ஆபத்தான செயலி உள்ளது" என்று சிவப்புக் கட்டம் காட்டி மூடிக்கொண்டது. கடைக்கார அண்ணன் தெரிந்தவர், கடன் சொல்லி வந்தேன்.

பழைய கீபோர்டுக்கு மாறினேன். 'தெரியாத ஆப்களை நிறுவு' அனுமதி, டெவலப்பர் ஆப்ஷன் இரண்டையும் அணைத்தேன். அப்புறம் வங்கி ஆப்பையே நீக்கித் திரும்பப் போட்டேன். அதே சிவப்பு. கிளையில் கேட்டால் "ரீசெட் பண்ணுங்க" என்கிறார்கள். அது எனக்குத் தெரியாதா!

எஃப்-டிராய்டையும் கீபோர்டையும் ஷெல்டர் என்ற ஆப் மூலம் ஒர்க் ப்ரொஃபைலுக்கு (போனுக்குள்ளேயே ஆப்களைத் தனியாகப் பிரித்து வைக்கும் பகுதி) மாற்றினால் வங்கி ஆப் திறக்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.