ஃபார்மெட் பண்ணியும் மாமா கம்ப்யூட்டர் ஏன் நகரல?

குழு: தாத்தா வீட்டுப் பிள்ளைங்க

*சனிக்கிழமை*

மாமா, காலை 9:14
எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயித்துக்கிழமை நம்ம கம்ப்யூட்டரை ஃபார்மெட் பண்ணி விண்டோஸைப் புதுசாப் போட்டோம்ல, இப்ப முன்னைவிட மோசமா இருக்கு. ஆன் பண்ணிட்டு குளிச்சிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுத்திக்கிட்டே கிடக்கு.

அத்தை, 9:16
நேத்து உங்க மாமா, தாத்தா கையால எழுதின நோட்டை டைப் பண்ண உக்காந்தார். அடிச்ச எழுத்து திரையில வர்றதுக்குள்ள அடுத்த வரி மறந்து போகுது அவருக்கு. மனசு கேக்கல, அதான் குரூப்ல போடச் சொன்னேன்.

அம்மா, 9:20
ஃபார்மெட் பண்ணினா புதுசு மாதிரி ஆயிடும்னுதானே அண்ணே சொன்னாங்க?

நான், 9:31
அம்மா, ஃபார்மெட் பண்ணா சேர்ந்திருந்த குப்பை போகும், அவ்வளவுதான். அடுத்து என்ன போடுறோம், எப்படிப் போடுறோம்ங்கிறதுல இருக்கு மீதி.
மாமா, முதல் ரெண்டு நாள் மெதுவா இருந்தா கவலையே படவேண்டாம். பின்னாடி அப்டேட் இறங்கும், ஃபைலையெல்லாம் இண்டெக்ஸ் பண்ணும், வைரஸ் தேடுற டிஃபெண்டர் ஸ்கேன் ஓடும். ஆனா ஒரு வாரம் ஆகியும் இப்படின்னா வேற ஏதோ இருக்கு. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர் வரும். அதுல சிபியு, மெமரி, டிஸ்க் எத்தனை சதவீதம்னு சொல்லுங்க.

மாமா, 9:44
சிபியு 11. மெமரி 91. டிஸ்க் 100. ஹார்ட் டிஸ்க் போயிடுச்சா?

சித்தி, 9:46
எங்க வீட்லயும் இதே 100தான் காட்டுச்சு அண்ணே. எஸ்எஸ்டி, அதான் சுத்தாத வேகமான டிஸ்க், மாத்தினதும் பறக்குது. பேசாம மாத்திடுங்க.

நான், 9:52
சித்தி சொல்றது சரியான யோசனை, பின்னாடி கட்டாயம் மாத்தலாம். ஆனா ஃபார்மெட்டுக்கு முன்னாடியும் இதே டிஸ்க்தானே? அப்ப இவ்வளவு மோசமில்லையே. எனக்கு அந்த 91தான் உறுத்துது. மெமரின்னு காட்டுறது ரேம், இப்ப ஓடுற வேலையை வெச்சுக்கிற இடம். அதுல இடம் இல்லாமப் போனா, விண்டோஸ் கொஞ்சத்தை எடுத்து ஹார்ட் டிஸ்க்ல வெச்சிட்டு, வேணும்கிறப்போ திரும்ப எடுக்கும். ரேம் வேகம் எங்க, சுத்துற டிஸ்க் வேகம் எங்க! டிஸ்க் ரேமோட வேலையையும் சேர்த்து இழுத்துக்கிட்டு இருக்குன்னு நினைக்கிறேன்.
உங்களுக்கு ரேம் எவ்வளவு மாமா?

மாமா, 9:53
வாங்கும்போதே 8 ஜிபி. நல்லா ஞாபகம் இருக்கு.

நான், 9:54
செட்டிங்ஸ்ல சிஸ்டம், அதுக்குள்ள கடைசியா அபௌட்னு இருக்கும். அதுல இருக்கிறதை அப்படியே படிச்சு அனுப்புங்க.

மாமா, 10:07
ப்ராசஸர் ஐ3-8100.
இன்ஸ்டால்ட் ரேம் 8.00 ஜிபி, பக்கத்துல 3.41 ஜிபி யூசபிள்னு போட்டிருக்கு.
சிஸ்டம் டைப் 32 பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 பேஸ்ட் ப்ராசஸர்.

நான், 10:08
கிடைச்சிடுச்சு மாமா. உங்க மெஷின் 64 பிட், மேல போட்டிருக்கிற விண்டோஸ் 32 பிட்.

அம்மா, 10:10
எங்களுக்குப் புரியுற மாதிரி சொல்லுடி.

நான், 10:19
ரேம்ல ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு கதவு எண் உண்டு. 32 பிட் விண்டோஸ் மொத்தம் 429 கோடியே 49 லட்சம் கதவு வரைக்கும்தான் எண்ணும். அதுதான் 4 ஜிபி. அந்த எண்ணிலயும் ஒரு பகுதியை டிஸ்ப்ளே மாதிரி மத்த உறுப்புகளுக்கு ஒதுக்கிடும். மிச்சம்தான் அந்த 3.41. வீட்ல எட்டு ரூம் இருந்தும் பாதிக்கு மேல பூட்டிக் கிடக்கு. பிரவுசரைத் திறந்து, டைப் பண்ற ஃபைலையும் திறந்தா அந்த மூணரை எந்த மூலைக்கு?

தம்பி, 10:41
அக்கா, அது என் தப்பு. விண்டோஸ் போட்ட அந்த பென் டிரைவ் என் பழைய லேப்டாப்புக்குன்னு செஞ்சது, அதுல 2 ஜிபி ரேம்தான். 32 பிட்டுன்னு ஞாபகமே வரல. பூட் ஆகலன்னு பயாஸ்ல, அதான் ஆன் ஆனதும் முதல்ல ஓடுற செட்டிங்ல, வேற லெகசிங்கிற பழைய முறைக்கு மாத்தினேன். அப்பவே யோசிச்சிருக்கணும். மாமா, மன்னிச்சிடுங்க.

மாமா, 10:43
மாப்ளே, உன் லீவு நாள் முழுக்க எனக்காக உக்காந்தே. இதுக்குப் போய் மன்னிப்பா? சரி பண்ண வழி இருக்கான்னு பாரு, போதும்.

நான், 10:50
இருக்கு மாமா. ஆனா 32ஐ அப்படியே 64 ஆக்க முடியாது, திரும்ப அழிச்சுட்டுத்தான் போடணும். அதனால முதல்ல தாத்தா நோட்டு. டைப் பண்ணின ஃபைல் எங்க வெச்சிருக்கீங்க?

மாமா, 10:52
டெஸ்க்டாப்லயே இருக்கு. போன தடவை பென் டிரைவ்ல ஏத்தி வெச்சோமே.

நான், 10:55
அதுக்கப்புறம் டைப் பண்ணினது அதுல இருக்காது மாமா! டெஸ்க்டாப்ங்கிறது சி டிரைவ், ஃபார்மெட்ல முதல்ல போறது அதுதான். டி டிரைவும் பத்தாது, அதுவும் அதே டிஸ்க்கோட இன்னொரு பகுதிதானே. பென் டிரைவ்ல ஒண்ணு, மெயில்ல எனக்கு ஒண்ணு அனுப்புங்க. அனுப்பினதைத் திறந்து கடைசிப் பக்கம் வரைக்கும் பார்த்துட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் யாரும் மெஷின்ல கை வைக்கவேண்டாம்.

அத்தை, 10:57
போட்டோக்களும் இருக்கும்மா, அதையும் எடுத்துக்கச் சொல்லு.

தம்பி, 11:02
எல்லாத்தையும் நானே எடுத்து வைக்கிறேன் அத்தை. அக்கா, விண்டோஸ் 10ஏ போடவா?

நான், 11:09
வேண்டாம்டா. 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட நின்னுபோச்சு. ஐ3-8100 எட்டாம் தலைமுறை, விண்டோஸ் 11 அதை ஏத்துக்கும். 11ல 32 பிட்டே கிடையாது, குழப்பமும் இல்ல. 8 ஜிபி பென் டிரைவ் எடு, மைக்ரோசாஃப்ட் தளத்துல மீடியா கிரியேஷன் டூல் இருக்கு, விண்டோஸ் போடுற பென் டிரைவை அதுலேயே செஞ்சுக்கோ. பயாஸ்ல லெகசியை எடுத்துட்டு புது பூட் முறையான யூஈஎஃப்ஐ, பாதுகாப்புக்கான செக்யூர் பூட், டிபிஎம் மூணும் ஆன்ல இருக்கான்னு பாரு.
போடறதுக்கு முன்னாடி கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு டிஸ்க்கைச் சோதிக்கிற புரோகிராமை ஓட்டி டிஸ்க் எப்படி இருக்குன்னும் சொல்லு. கெட்டுப்போன டிஸ்க்ல போட்டா இவ்வளவு உழைப்பும் வீண்.

*ஞாயித்துக்கிழமை*

நான், காலை 8:20
மாமா, மெயில் வந்துச்சு. 51 பக்கமும் சரியாத் திறக்குது.

தம்பி, 10:35
டிஸ்க் குட்னு காட்டுது அக்கா. ஆரம்பிக்கிறேன்.

தம்பி, மாலை 4:48
முடிஞ்சுது. 64 பிட், 7.9 ஜிபி யூசபிள். ஆனா ஸ்க்ரோல் பண்ணா திரை வெட்டி வெட்டிப் போகுது.

நான், 4:50
டிவைஸ் மேனேஜர்ல டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் திற. என்ன பேர் இருக்கு?

தம்பி, 4:51
மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்.

நான், 4:53
கிராஃபிக்ஸ் சிப்பை ஓட்டுற டிரைவர் இன்னும் ஏறல, படம் வரையிற வேலையெல்லாம் சிபியு தலையில விழுது. விண்டோஸ் அப்டேட்டை ஓடவிடு. வரலன்னா இண்டெல் தளத்துல எடுத்துக்கோ, கண்ட தளத்துல டிரைவர்னு வர்றதைத் தொடாதே.

தம்பி, 5:37
இண்டெல் யுஹெச்டி 630ன்னு மாறிடுச்சு. வழுக்கிட்டுப் போகுது. மெமரி 42ல நிக்குது.

நான், 5:40
மாமா, இன்னும் ரெண்டு நாள் அப்டேட் ஓடும், அப்பப்ப டிஸ்க் 100 போகும். ராத்திரி ஆன்லயே விட்டுடுங்க, தானா அடங்கிடும்.

மாமா, 7:15
சரி மருமகளே. ஒரு பக்கம் முழுக்க அடிச்சுட்டேன், எழுத்து கையோடயே வருது. 52ஆம் பக்கத்துல அப்பா எழுதின ஒரு வார்த்தை மட்டும் மை பரவிப் படிக்க முடியல. போட்டோ எடுத்து அனுப்பறேன், எல்லாரும் பார்த்துச் சொல்லுங்க.