பேக்கரி நண்பர்கள் குழு: 32-ஆம் பிரிவு நோட்டீஸ்

*ரஹீம்:* நம்ம குரூப் ஆளு ஒருத்தருக்கு ஃபுட் சேஃப்டி நியமன அலுவலர் (ஃபுட் சேஃப்டி ஆபீசருக்கு மேல இருக்கிற மாவட்ட அதிகாரி) நோட்டீஸ் குடுத்திருக்கார். ஃபைன் எவ்ளோ வரும்னு பதறுறாரு 😟

*செல்வி:* முதல்ல உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல எந்தப் பிரிவுன்னு பாக்கச் சொல்லுங்க தம்பி. 32னா அது ஃபைன் இல்ல, திருத்தச் சொல்ற நோட்டீஸ். 14 நாளுக்குக் குறையாம டைம் தரணும்.

*ரஹீம்:* 32தான் க்கா. மாவு மூட்டை தரையில. கேக் கூலர்ல தெர்மாமீட்டர் இல்ல. ஆளுங்களுக்கு மெடிக்கல் சர்டிபிகேட் இல்ல. மிக்ஸர்ல வண்டு.

*ஜெயராஜ்:* வண்டுன்னதும் மருந்து அடிச்சிடாதீங்க, மாவுல இறங்கிட்டா அது இதைவிடப் பெரிய கேஸ். மிக்ஸர்ல கொக்கி மாட்டுற தலைக்குள்ள பழைய மாவு இறுகிக் கிடக்கும், வண்டு முட்டை அங்கதான் இருக்கும். மூட்டைய மட்டும் மாத்தினா திரும்ப வரும்.

*ஜெயராஜ்:* கரண்ட ஆஃப் பண்ணி, மிக்ஸரோட கார்டு (பாதுகாப்பு மூடி) கழட்டி, காஞ்ச பிரஷ்ஷால தட்டி வேக்குவம் போடுங்க. தண்ணி விட்டா பசையாகி இன்னும் உள்ள ஒட்டும். சல்லடை விளிம்பு, ஷீட்டர் (மாவைத் தட்டையாக்குற மிஷின்) ரோலர் அடி எல்லாம் இதே மாதிரி. முட்டை வண்டாக ஒரு மாசம் போல ஆகும், வாரம் ஒரு தடவை செஞ்சா தொடர் அறுந்துடும்.

*செல்வி:* கிரீம் கேக் 5 டிகிரிக்கு மேல போகக் கூடாது. தெர்மாமீட்டர கதவுப் பக்கம், மேல் தட்டுல வைங்க. மூலைல வெச்சா எப்பவும் நல்ல நம்பர்தான் காட்டும் 😄 மூட்டைக்கு அடில பலகை, சுவரை ஒட்டாம.

*ரஹீம்:* செய்யலேன்னா?

*செல்வி:* லைசென்ஸ் சஸ்பெண்ட், அப்புறம் கேன்சல். நோட்டீஸ் தப்புன்னு நினைச்சா உணவுப் பாதுகாப்பு கமிஷனருக்கு அப்பீல்; 15 நாள், இல்ல நோட்டீஸ்ல குடுத்த கெடு, எது முன்னாடி முடியுதோ அதுக்குள்ள. ஃபைன் தனி வழி, அது டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) முன்னாடி போகும். சுத்தமில்லாத தயாரிப்புக்கு 56-ஆம் பிரிவு, 1 லட்சம் வரை.

*மணி:* தட்டு தேய்க்கிற கம்பி நாரையும் தூக்கிப் போடச் சொல்லுங்கண்ணே. பன்னுல ஒரு கம்பி வந்தா 54-ஆம் பிரிவு, அதுவும் 1 லட்சம் வரை. டீக்கடைக்கு லேபிள் இல்லாம போற பன் பாக்கெட்டுக்கு 52-ஆம் பிரிவு, 3 லட்சம் வரை. அதை யாரும் கணக்குல எடுக்கிறதே இல்ல.

*ரஹீம்:* சாம்பிளும் எடுத்திருக்காங்க.

*மணி:* நாலு பாகமா சீல் பண்ணுவாங்க. ஒண்ணு அனலிஸ்ட்டுக்கு (சாம்பிள சோதிக்கிற அரசு நிபுணர்), ரெண்டு நியமன அலுவலர்கிட்ட. நாலாவது நீங்க கேட்டாத்தான் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள வேற லேபுக்குப் போகும், செலவு உங்களது. ரெண்டு ரிப்போர்ட்டும் மாறுபட்டா ரெஃபரல் லேப் (மேல் சோதனை பண்ற லேப்) சொல்றதுதான் முடிவு. அதனால சாம்பிள் எடுக்கறப்பவே எழுத்துல கேட்டுடணும். அனலிஸ்ட் ரிப்போர்ட்ட எதிர்த்து அப்பீல் பண்ண 30 நாள்.

*ரஹீம்:* அவரு கேக்கவே இல்லயாம்.

*மணி:* அப்ப ரிப்போர்ட்டுக்குக் காத்திருங்க. சரியில்லேன்னா அந்த 30 நாளை விட்டுடாதீங்க.

*செல்வி:* நோட்டீஸ்ல இருக்கிற வரிசையிலயே பதில் எழுதுங்க. மெடிக்கல், தண்ணி டெஸ்ட், பெஸ்ட் கண்ட்ரோல் பில் எல்லாம் இணைச்சு, நகல்ல சீல் வாங்கிக்கங்க.

*ஜெயராஜ்:* மிக்ஸர் போட்டோவ கார்டு கழட்டினபடியே எடுங்க. மூடி வெச்சு எடுத்தா ஆபீசர் வந்து திறந்து பாப்பாரு.