புதுப்பிப்பு: அம்மாவின் ஓட்டு மதுரைக்கு வந்துவிட்டது

தாம்பரத்திலிருந்து வீடு மாறியபின் அம்மாவின் ஓட்டை மதுரைக்கு மாற்றுவது எப்படி என்று முன்பு கேட்டிருந்தேன். வேலை முடிந்தது.

சிலர் படிவம் 6 என்றீர்கள். அது புதிதாகச் சேர்பவர்களுக்கு. முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8தான். புது முகவரி அச்சான பாஸ்புக்கைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றினோம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கே வந்து, திண்ணையில் உட்கார்ந்து, அம்மாவின் முகத்தையும் வாக்காளர் அட்டையையும் மாறி மாறிப் பார்த்துச் சரிபார்த்தார். அட்டை எண் மாறவில்லை.

தயவுசெய்து ஒன்று செய்யுங்கள்: அட்டை கையில் இருக்கிறதே என்று இருந்துவிடாமல், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பட்டியலில் இல்லையென்றால் அட்டை இருந்தும் ஓட்டுப் போட முடியாது.

அப்புறம், 17 வயது முடிந்த பிள்ளைகளும் பட்டியலில் பெயர் சேர்க்க முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். சந்தேகம் இருந்தால் வாக்காளர் உதவி எண்ணான 1950க்கு அழையுங்கள்.