யன்னலுக்குப் பலாவா, தேக்கா?

வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இருக்கிற எங்கள் பழைய வீட்டைத் திருத்துகிறோம். ஆறு யன்னல், மூன்று கதவு புதிதாகப் போட வேண்டும். பழைய நிலைச் சட்டத்தின் அடிப்பக்கத்தை விரலால் அழுத்தினால் ரஸ்க் மாதிரி உதிர்கிறது. மேலே பெயின்ட் மட்டும் பளபளவென்று நிற்கிறது, உள்ளே முழுக்கக் கறையான்.

தச்சு பாஸ் மகோகனி போதும் என்கிறார். உள்ளறைக் கதவுக்குச் சரி. மே மாதம் தொடங்கினால் மழையும் உப்புக்காற்றும் நேரே அடிக்கிற யன்னலுக்கு எனக்கு மனமில்லை. தேக்கு கைக்கு எட்டாத விலை. முதிரை நல்ல வைரமான மரம், ஆனால் பாரம். அதனால் பலா என்று யோசிக்கிறேன். அம்மாவின் ஊர் வீட்டுப் பலாக் கதவு மஞ்சள் போய்க் கபிலமாகி இன்னும் அசையாமல் நிற்கிறது.

மொறட்டுவையில் ஒரு மரக்காலையில் காட்டிய பலகைகளின் ஓரமெல்லாம் வெளிறு, அதாவது மரத்தின் வெளிப்பக்க மென்மையான பகுதி. கறையான் முதலில் பிடிப்பதே அதைத்தானே! நடுவிலுள்ள வைரமான பகுதியை மட்டும் அறுத்துத் தருகிற இடம் தெரியுமா? மரம் காய்ந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது? கடலோரத்தில் பலா யன்னல் போட்டவர்கள் இருந்தால், மழைக்கு ஊதி இறுகுகிறதா என்றும் சொல்லுங்கள். அடுத்த கிழமை முற்பணம் கொடுக்க வேண்டும்.