ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக்: எழுத்தில் மூன்று முறையும் 6, எங்கே தவறுகிறேன்?

காற்புள்ளி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். முதுகலைச் சேர்க்கைக்காக ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை இதுவரை மூன்று முறை கணினி வழியில் எழுதியிருக்கிறேன். கடைசி முறை கேட்டலில் 8, வாசித்தலில் 7.5, பேச்சில் 7 கிடைத்தன. எழுத்தில் மட்டும் 6. முந்தைய இரு முறையும் எழுத்தில் இதே 6 தான். மொத்த பேண்ட் (9 வரை தரப்படும் மதிப்பெண்) 7 வந்துவிட்டது என்றாலும், நான் விண்ணப்பிக்கும் படிப்புக்கு எழுத்திலும் தனியாக 7 வேண்டும் என்பதால் அந்த மொத்தம் எனக்கு உதவவில்லை.

தேர்வுகளுக்கு இடையில் நான் சும்மா இருக்கவில்லை. பயிற்சி வகுப்பில் தந்த வார்ப்புக் கட்டுரைகளைப் பாடமாக்கினேன். அறுநூறு 'உயர்தரச்' சொற்களை மனப்பாடம் செய்தேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் ஓர் இணைப்புச் சொல்லோடு தொடங்கப் பழகினேன். எழுத்துத் தேர்வின் கட்டுரைப் பகுதியான டாஸ்க் 2-இல் 320 சொற்கள் வரை எழுதிவிடுகிறேன். எழுத்துக்கூட்டல் பிழை அரிதாகவே வருகிறது.

'நகர மையங்களில் தனியார் கார்களைத் தடை செய்ய வேண்டும். இதை நீங்கள் எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்?' என்ற தலைப்பில் பயிற்சிக்காக எழுதிய கட்டுரையின் ஒரு பத்தியை வரிக்கு வரி தமிழில் தருகிறேன். இலக்கணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் கருத்தோட்டம் சரியாக இருக்கிறதா என்று சொல்லுங்கள்.

'முதலாவதாக, கார்கள் காற்றைப் பெருமளவில் மாசுபடுத்துகின்றன. மேலும், அவை கடும் போக்குவரத்து நெரிசலை உண்டாக்குகின்றன. அதுமட்டுமன்றி, ஏராளமான விபத்துகளுக்கும் அவையே காரணமாகின்றன. எனவே, கார்களைத் தடை செய்வதே மிகச் சிறந்த தீர்வு என்பதில் ஐயமில்லை.'

கடைசித் தேர்வு முடிந்து ஐந்து வாரங்கள் ஆகின்றன. மறுமதிப்பீடு கேட்பது பயன் தருமா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சொல்வங்கி (பதில்)

அறுநூறு சொற்கள் போதாது, நண்பரே. நான் ஆயிரத்துக்கு மேல் பாடம் செய்தேன். 'மெனி' என்று எழுதும் இடத்தில் எல்லாம் 'பிளெதோரா' (ஏராளம்) என்று எழுதிப் பாருங்கள், மதிப்பெண் தானாக ஏறும்.

இரண்டாம் வரைவு (பதில்)

சொல்வங்கி சொல்வதை நான் ஏற்கவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் பத்தி.

அதில் 'நகர மையம்' எங்கே இருக்கிறது? தேடிப் பாருங்கள், ஓரிடத்திலும் இல்லை. தலைப்பை மறைத்துவிட்டு இந்தப் பத்தியை மட்டும் ஒருவரிடம் கொடுத்தால், பெட்ரோல் விலையை உயர்த்தலாமா, ஓட்டுநர் உரிமத்துக்கான வயதைக் கூட்டலாமா, பேருந்துக் கட்டணத்தைக் குறைக்கலாமா என்ற எந்தக் கேள்விக்கும் இது விடையாக இருந்திருக்கலாம் என்றுதான் அவர் சொல்வார். கார்களைப் பற்றிய எந்தக் கட்டுரைக்கும் பொருந்துகிற பத்தி, கேட்ட கேள்விக்கு விடை சொல்லவில்லை என்றுதான் பொருள். டாஸ்க் 2-இன் நான்கு அளவுகோல்களில் முதலாவது, கேள்விக்கு எந்த அளவுக்கு விடையளித்திருக்கிறீர்கள் என்பது. மற்ற மூன்றும் கருத்தின் ஒழுங்கும் இணைப்பும், சொல்வளம், இலக்கணத்தின் வீச்சும் துல்லியமும். நான்குக்கும் சம மதிப்பு, அதாவது ஒவ்வொன்றும் கால் பங்கு. நீங்கள் மூன்று தேர்வுகளாகச் சொல்வளம் என்ற ஒரு கால் பங்கை மட்டும் உழுதுகொண்டிருக்கிறீர்கள்.

அடுத்தது இதைவிட முக்கியம். நான்கு வாக்கியங்களில் மூன்று கருத்துகளை அடுக்கியிருக்கிறீர்கள், எதையும் வளர்க்கவில்லை. வெளியிடப்பட்டுள்ள பேண்ட் விளக்க அட்டவணையில் 6-க்கும் 7-க்கும் எதிரே உள்ள கட்டங்களை அருகருகே வைத்துப் படியுங்கள். 6-இல் இருப்பவர் பொருத்தமான கருத்துகளைச் சொல்கிறார், ஆனால் சிலவற்றைப் போதிய அளவு விரிக்காமல் விட்டுவிடுகிறார். 7-இல் இருப்பவர் கருத்தைச் சொல்லி, விரித்து, அதற்குத் துணையும் தருகிறார். உங்கள் பத்தி அந்த முதல் கட்டத்துக்கு வரைந்த படம்போல் இருக்கிறது.

அதே தலைப்புக்கு ஒரே ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு நான் எழுதினால், தமிழில் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

'நகர மையத்தில் தெருக்கள் குறுகலாகவும் போய்ச்சேரும் இடங்கள் நெருக்கமாகவும் இருப்பதால், அங்கே ஒரு கார் அடைத்துக்கொள்ளும் இடம் வேறெங்கையும்விட அதிக இழப்பைத் தருகிறது. நாற்பது பேரை ஏற்றிவரும் பேருந்து, ஒருவர் மட்டும் அமர்ந்திருக்கும் கார்களின் வரிசைக்குப் பின்னால் நிற்க நேர்கிறது. பேருந்து தாமதமாவதால் அதில் வந்தவர்களும் காருக்கு மாறுகிறார்கள், வரிசை மேலும் நீள்கிறது. தனியார் கார்களை அந்தச் சில தெருக்களிலிருந்து மட்டும் விலக்கினாலே பேருந்து நேரத்துக்கு வரும். காரை விட்டுவிட்டு வருபவர்களுக்கு நம்பத்தகுந்த மாற்று வழியும் கிடைக்கும்.'

இதில் 'முதலாவதாக', 'மேலும்', 'அதுமட்டுமன்றி' எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். முதல் வாக்கியத்தின் இடப்பற்றாக்குறை இரண்டாவதில் பேருந்தைத் தடுக்கிறது. அதன் தாமதம் மூன்றாவதில் வரிசையை நீட்டுகிறது. அந்தப் பேருந்தே நான்காவதில் தீர்வாகிறது. ஒவ்வொரு வாக்கியமும் முந்தையதிலிருந்து ஒரு பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு நகர்வதால் இணைப்புச் சொல்லுக்கு வேலையே இல்லை. இணைப்பு இயந்திரத்தனமாக இருக்கலாம் என்பதும் அட்டவணையில் 6-க்கு எதிரே எழுதப்பட்டிருப்பதுதான். எல்லா வாக்கியங்களின் தலையிலும் 'மோர்ஓவர்', 'ஃபர்தர்மோர்' என்று தொப்பி வைப்பது அந்தக் கட்டத்துக்குள் நாமே போய் உட்கார்வதற்குச் சமம்.

'பிளெதோரா' விஷயத்துக்கு வருகிறேன். தமிழில் கனமழை என்கிறோம், கடும் வெயில் என்கிறோம். யாராவது 'கனவெயில்' என்று எழுதினால், அவருக்குச் சொல் தெரியும், மொழி பழகவில்லை என்று உடனே கண்டுகொள்வோம். ஆங்கிலத்திலும் எந்தச் சொல் எதனோடு சேரும் என்பதற்கு ஒரு வழக்கு உண்டு. 7-க்கான விளக்கம் அந்தச் சேர்க்கை உணர்வையும் நடையுணர்வையும்தான் கேட்கிறது. அரிய சொல்லைப் பொருந்தாத இடத்தில் வைப்பது, எளிய சொல்லைச் சரியான இடத்தில் வைப்பதைவிடக் குறைவாகவே மதிக்கப்படும். பாடமாக்கிய வார்ப்பு வாக்கியங்களும் அப்படித்தான்: 'இன்றைய நவீன உலகில் இது சூடான விவாதப் பொருளாக உள்ளது' என்ற தொடக்கத்தைப் படிக்கும் தேர்வாளர் அதை அன்று முதன்முறையாகப் படிக்கிறார் என்று நம்ப என்னால் முடியவில்லை.

சொல்வங்கி

நான் எழுத்தில் 6.5 தாண்டவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்னதைப் படித்த பிறகு காரணம் புரிவதுபோல் இருக்கிறது.

வரைபடம் (பதில்)

வரைபடம் போன்றவற்றை விவரிக்கச் சொல்லும் டாஸ்க் 1-ஐப் பற்றி யாரும் கேட்கவில்லையே? மொத்தம் 60 நிமிடம். டாஸ்க் 1-க்கு 20, டாஸ்க் 2-க்கு 40 என்பதுதான் தேர்விலேயே சொல்லப்படும் பங்கீடு. டாஸ்க் 2-க்கு இரு மடங்கு மதிப்பு உண்டு என்பதால் பலர் முதலாவதை அலட்சியம் செய்கிறார்கள். தோராயமாகக் கணக்கிட்டுப் பாருங்கள்: டாஸ்க் 2-இல் 6.5 எடுத்தும் டாஸ்க் 1-இல் 5 வாங்கினால், மூன்று பங்கில் சராசரி சரியாக 6-இல் வந்து நிற்கும். காற்புள்ளி, டாஸ்க் 1-ஐ எப்படி எழுதுகிறீர்கள்?

காற்புள்ளி

வரைபடத்தில் உள்ள எல்லா எண்களையும் விடாமல் எழுதுகிறேன். 150 சொற்கள் போதும் என்றாலும் 220 வரை போய்விடுகிறது, நேரமும் 30 நிமிடம் ஆகிவிடுகிறது. கடைசியில், இந்த மாற்றங்களுக்கான காரணம் என்னவாக இருக்கலாம் என்றும் ஒரு வரி சேர்ப்பேன்.

வரைபடம்

அந்தக் கடைசி வரியை இன்றோடு விட்டுவிடுங்கள். டாஸ்க் 1-இல் காரணமும் கருத்தும் கேட்கப்படுவதில்லை. படத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுத்துச் சொல்வதும் தேவையான இடத்தில் ஒப்பிடுவதும் மட்டுமே வேலை. 'தேர்ந்தெடுத்து' என்பதுதான் இங்கே கனமான சொல். எல்லா எண்களையும் எழுதுகிறவர், எது முக்கியம் என்று தனக்குத் தெரியவில்லை என்பதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் எழுதாமல் விடுவது எண்களே இல்லாத ஒரு பத்தியை. வேளாண்மை, தொழில், வீடு ஆகிய மூன்று துறைகளின் நீர்ப் பயன்பாட்டைக் காட்டும் கோட்டு வரைபடம் ஒன்று வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கோடுகளை மட்டும் பாருங்கள், எண்கள் மங்கிவிடும். அப்போதும் கண்ணில் நிற்பது எது? மூன்றுமே மேலே போகின்றன. தொடக்கம் முதல் முடிவு வரை வேளாண்மையே உச்சியில் இருக்கிறது. தொழில் துறை இடையில் வீட்டுப் பயன்பாட்டை முந்திச் செல்கிறது. இந்த மூன்றையும் இரண்டு வாக்கியங்களில் எழுதினால் அதுதான் ஓவர்வியூ. முன்னுரைக்கு அடுத்தே வைத்துவிட்டால் நேரம் போதாமல் விடுபடாது. அகாடமிக் டாஸ்க் 1-இல் தெளிவான ஓவர்வியூ இல்லாத விடை 5-க்கான விளக்கத்தில்தான் போய்ச் சேரும்; மற்ற பத்திகளில் எத்தனை எண் இருந்தாலும் அது ஈடாகாது.

இரண்டாம் வரைவு

வரைபடம் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். இனி இலக்கணம். காற்புள்ளி, பழைய கட்டுரை ஒன்றை எடுத்துப் பிழைகளை வகைவாரியாக எண்ணி எழுதுங்களேன்.

காற்புள்ளி (இரண்டு நாட்களுக்குப் பிறகு)

கார் கட்டுரையை ஆங்கில ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்துப் பிழைகளை அடிக்கோடிட்டு மட்டும் தரச் சொன்னேன். திருத்தம் நான் செய்தேன். மொத்தம் 23. அவற்றில் 'தி', 'ஏ' சார்ந்தவை 11, ஒருமை பன்மை 6, முன்னிடைச்சொல் ('இன்', 'ஆன்' போன்றவை) 4, வாக்கிய அமைப்பு 2. இவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. சொற்பட்டியலைக் கையில் வைத்திருந்த மாதங்களில் 'தி' என்ற மூன்றெழுத்துச் சொல்லை நான் திரும்பிப் பார்த்ததில்லை.

இரண்டாம் வரைவு

இந்த எண்ணிக்கை எனக்கு வியப்பாக இல்லை, ஏனென்றால் இவை பெரும்பாலும் தமிழின் வழியாக நாம் கொண்டுவரும் பிழைகள். 'தி' என்பதற்கு நிகரான சொல் தமிழில் இல்லை. 'புத்தகத்தைப் படித்தேன்' என்றால் எந்தப் புத்தகம் என்பதைச் சூழலே சொல்லிவிடுகிறது. அதனால் ஆங்கிலத்தில் ஒன்று விட்டுவிடுகிறோம், அல்லது பயந்துபோய் எல்லா இடத்திலும் போட்டுவிடுகிறோம். இரண்டாவது வகைதான் கட்டுரைகளில் அதிகம்: பொதுவாகச் சமூகம் என்று சொல்லும் இடத்தில் 'தி சொசைட்டி', இயற்கை என்று சொல்லும் இடத்தில் 'தி நேச்சர்'. கார்களைப் பற்றிப் பொதுவாகப் பேசும்போது 'கார்ஸ்' என்ற பன்மை மட்டும் போதும், முன்னால் ஒன்றும் வேண்டாம். நகர மையத்துக்கு வரும் அந்தக் குறிப்பிட்ட கார்கள் என்று சுட்டும்போதுதான் 'தி' வேண்டும்.

ஒருமை பன்மையும் அப்படியே. தமிழில் 'பத்து மரம் நட்டார்' என்றால் யாரும் பிழை என்று சொல்வதில்லை. எண்ணே பன்மையைக் காட்டிவிடுகிறது. ஆங்கிலம் இரண்டு இடத்திலும் கேட்கும். மறுபக்கம், 'தகவல்கள்', 'ஆய்வுகள்', 'கருவிகள்' என்று தமிழில் இயல்பாக வரும் 'கள்' நம்மை 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'ரிசர்ச்சஸ்', 'எக்விப்மெண்ட்ஸ்' என்று எழுத வைக்கிறது. 'பற்றி விவாதித்தல்' என்பதிலிருந்து 'டிஸ்கஸ் அபவுட்' வருகிறது, அந்த 'அபவுட்' அங்கே தேவையில்லை. 'மழை பெய்தாலும்கூட, ஆனால்' என்ற பேச்சுப் பழக்கத்திலிருந்து ஒரே வாக்கியத்தில் 'ஆல்தோ', 'பட்' இரண்டும் வந்துவிடுகின்றன. உங்கள் நான்கு முன்னிடைச்சொல் பிழைகளில் 'டிஸ்கஸ் அபவுட்' போன்றவை எத்தனை என்று பாருங்கள்.

7-க்கு வேண்டியது பிழையே இல்லாத வாக்கியங்கள் அடிக்கடி வருவது. எல்லா வாக்கியமும் பிழையற்றிருக்க வேண்டும் என்பதில்லை. 23 பிழைகள் 18 வாக்கியங்களில் சிதறிக் கிடந்தால் சுத்தமான வாக்கியம் மிஞ்சாது. 11 'தி'யைச் சரிசெய்தாலே பல வாக்கியங்கள் முழுதாக விடுபடும். எனவே கடைசி ஐந்து நிமிடத்தை மறுவாசிப்புக்கு ஒதுக்குங்கள், அப்போதும் எல்லாவற்றையும் தேடாதீர்கள்: ஒரு முறை பெயர்ச்சொற்களை மட்டும் பார்த்துக்கொண்டே போங்கள். கணினித் தேர்வில் சொல் எண்ணிக்கை திரையில் தெரியும், எழுத்துப்பிழையைக் காட்டும் வசதி இருக்காது என்பது உங்களுக்கே தெரியும்.

வரைபடம்

மறுமதிப்பீட்டைப் பற்றி ஒன்று. தேர்வு நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், மதிப்பெண் மாறினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் மூன்று வெவ்வேறு தேர்வுகளிலும் 6 வந்திருக்கும்போது, நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதில் நம்பிக்கை வைக்க மாட்டேன். கணினி வழியில் எழுதியவர்கள் 60 நாட்களுக்குள் ஒரு பகுதியை மட்டும் மீண்டும் எழுதும் வசதி சில தேர்வு மையங்களில் இருக்கிறது. உங்கள் மையத்தில் அது உண்டா, நீங்கள் விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகம் அந்த முடிவை ஏற்குமா என்று இரண்டையும் முதலில் எழுத்துமூலம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காற்புள்ளி (பதினோரு நாட்களுக்குப் பிறகு)

இரு இடங்களிலிருந்தும் ஆம் என்று பதில் வந்தது. தேர்வு நாளிலிருந்து 57-ஆவது நாளுக்கு எழுத்துப் பகுதியை மட்டும் பதிவு செய்துவிட்டேன். நேற்று அதே ஆசிரியரிடம் கொடுத்த புதிய கட்டுரை 274 சொற்கள், இரண்டே கருத்துப் பத்திகள், 'மோர்ஓவர்' ஒன்றுகூட இல்லை. பிழைகள் 9. அவற்றில் 6 இன்னமும் 'தி'.